கீழே இரண்டு வரி

ஜனவரி 9

அன்புள்ள வாலு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை. முழங்கால்தான் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் சுகம்தானே?

இனிமேல் போன் வேண்டாம், கடிதமே எழுதிக்கொள்ளலாம் என்று நீ சொன்னது சரிதான். போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் யாரோ தும்மினார்கள். நீயும் தும்மவில்லை, நானும் தும்மவில்லை. கடிதத்தையும் பிரிப்பார்கள் என்று தெரியும். பிரிக்கட்டும், படிக்கிறவருக்கும் ஒரு வணக்கம். நான் எழுதப்போவதில் ரகசியம் ஒன்றும் கிடையாது.

எனக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. நாடுகளுக்கு மார்க் போடும் வேலை. சிரிக்காதே! கல்லூரியில் பிள்ளைகளுக்குப் போட்டேன், இப்போது அரசாங்கங்களுக்குப் போடுகிறேன். ஐந்தாவது மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து எல்லா நாட்டுக்கும் ஒரே கேள்வித்தாளை நிரப்புகிறோம். தேர்தல் நடந்ததா? தோற்றவர் நாற்காலியை விட்டு எழுந்தாரா? நீதிபதி ஆட்சிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் மறுநாளும் நீதிபதியாக இருக்கிறாரா? பேசியதற்காக எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள்? கட்சிகளைக்கூட எண்ண மாட்டோம், எடை போடுவோம். வாக்குச்சீட்டில் பதினொரு சின்னம் இருக்கும், பலத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஒன்றேகால் கட்சிதான் தேறும். எல்லாவற்றையும் கூட்டி நாடுகளை மேல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை என்று பிரித்து வருடத்துக்கு ஒரு புத்தகம் போடுகிறோம்.

நம் நாடும் என் பங்கில் வந்திருக்கிறது. ஒரு கட்டுரை எழுதியதற்காக என்னை ஓட வைத்த நாட்டுக்கு நானே மார்க் போட வேண்டும். பழிவாங்கப்போகிறேன் என்றுதானே நினைப்பாய்? இல்லையடி. கேள்வித்தாளின் தலைப்பில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். வாசலில் உன் செருப்பு எந்தப் பக்கம் கிடக்கும் என்பதுகூட ஞாபகம் வந்தது.

ஒன்று கேட்கிறேன். உன் ஜெராக்ஸ் கடைக்கு மனு நகல் எடுக்க ஆள் வருகிறார்களா? மனு எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் பயமும் இருக்கும், கொஞ்சம் நம்பிக்கையும் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் எனக்கு உதவும்.

நான் இங்கே வந்த புதிதில் நீங்கள் எழுதியதுபோலக் கடிதத்தின் அடியில் மாப்பிள்ளைக்கு இரண்டு வரி இடம் விடு. அவர் கிறுக்கல் இல்லாமல் உன் கடிதம் எனக்குக் கடிதமே இல்லை.

உன்
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. மூன்று பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். முழங்காலுக்கு எண்ணெய் தடவு, படியைத் திட்டாதே.

உன் கடிதத்தை உறையோடு சேர்த்துக் குட்டியிடம் காட்டினேன். "ரெண்டு தடவை ஒட்டியிருக்காங்கம்மா" என்றாள். ஒட்டினவர் பசையில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை, மகராசன்.

நீ சொன்ன எடைக் கணக்கை நம் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தோம். நான், அவர், குட்டி, பூனை என்று நான்கு கட்சி. எடை போட்டால் ஒன்றேகால்தான் வருகிறது. அந்த ஒன்று யார் என்று சொல்லத் தேவையில்லை. கால் பூனைக்குப் போகிறது. உன் மாப்பிள்ளை, "தேர்தலே நடக்காத வீட்டுல எதிர்க்கட்சிக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டார். குட்டி உடனே, "தோத்தவங்க எழுந்திருக்கணும்னு பெரியம்மா எழுதியிருக்காங்க, நாற்காலியை விடும்மா" என்று என்னை எழுப்பிவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நீ எழுதுவதெல்லாம் எனக்கு வினையாகத்தான் முடிகிறது.

மனு வருகிறது அக்கா. முன்பைவிட அதிகம். குழாயில் தண்ணீர் வந்து எவ்வளவோ நாளாகிறது. தெருவே சேர்ந்து எழுதியிருக்கிறது. நம் மிஷின் பழசு, ஒவ்வொரு தாளிலும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு விழும். அது உனக்குத் தெரிந்ததுதானே? அந்தக் கோட்டைப் பார்த்தாலே அலுவலகத்தில் நம் கடை என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

இதோ, இடம் விட்டுவிட்டேன். பேனாவைப் பிடுங்கப் பக்கத்திலேயே நிற்கிறார்.

வாலு

அக்கா, வணக்கம். தண்ணீர் மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன், அதுவும் முதல் ஆளாக.
உங்கள் தங்கை போடும் டீக்கு நூற்றுக்கு நாற்பது. கருணை மார்க்கும் சேர்த்துத்தான்.


பிப்ரவரி 20

அன்புள்ள வாலு, மாப்பிள்ளை, குட்டி,

நான் சுகம். எண்ணெய் தடவினேன். அறை முழுக்க வாசம் வந்து, வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, "யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளையின் இரண்டு வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. சத்தமாகவும் படித்தேன். இந்த அறையில் நம் பாஷையைக் கேட்கச் சுவரைத் தவிர யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாயே திறக்காமல் பொழுது போய்விடுகிறது. திங்கள் காலை லிஃப்டில் வணக்கம் சொன்னால் தொண்டையிலிருந்து சத்தம் வரமாட்டேன் என்கிறது.

அலுவலகத்தில் எந்த நாட்டையும் ஒருவரே மார்க் போட்டு முடித்துவிட முடியாது. இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும், பிறகு உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் பேசி முடிவெடுப்போம். என் ஜோடி ஒரு கண்ணாடிக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடுகிற ரகம். நல்ல மனுஷன், ஆனால் பிடிவாதம். ஏதாவது ஒரு கேள்விக்கு விவரம் கிடைக்கவில்லை என்றால் கட்டத்தில் தொண்ணூற்றொன்பது என்று எழுதுவார். எங்கள் வழக்கத்தில் தொண்ணூற்றொன்பது என்றால் 'தெரியாது'. பூஜ்யம் என்றால் 'நடக்கவில்லை'. இரண்டையும் குழப்பினால் புத்தகமே கெட்டது என்று பாடம் எடுக்கிறார். நான் வகுப்பெடுத்த காலத்தில் இவர் எங்கே இருந்தாரோ!

தண்ணீர் மனு என்னவாயிற்று? இன்னும் எழுது. நீ எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் எனக்குத் தெரு தெரிகிறது.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

கடை கொஞ்ச நாள் மூடியிருந்தது. மிஷின் ரிப்பேர். இப்போது திறந்துவிட்டேன். மனு எதுவும் வருவதில்லை. பள்ளிச் சான்றிதழும் வாடகை ஒப்பந்தமும்தான் வருகின்றன. தெருவில் யாருக்கும் புகார் இல்லை. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.

குட்டி நன்றாகப் படிக்கிறாள். பூனை குட்டி போட்டிருக்கிறது.

அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார். அதனால் இந்த முறை எழுதவில்லை.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று மறுபடியும் எழுதுகிறேன், நீ வீணாகக் கவலைப்படுவாய் என்பதால்.

தங்கை


ஏப்ரல் 28

அன்புள்ள வாலு,

நான் நலம். நீங்களும் நலம் என்று மூன்று முறை எழுதிவிட்டாய், அதனால் நான் விசாரிக்க வேண்டியதில்லை. கடிதம் என்று ஒன்று எழுதியிருக்கிறாயே, தந்தி மாதிரி! கடைவேலை அதிகமோ?

ஆனால் அந்தத் தந்தியே எனக்குத் தேன். மனு வருவதில்லை என்றால் தண்ணீர் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? இங்கே வேறு வழியாகவும் நல்ல செய்திதான் வருகிறது. மூன்று மாதமாக நம் நாட்டில் கைது என்று எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி இல்லை. ஆர்ப்பாட்டம் இல்லை, கடையடைப்பு இல்லை.

இன்று ஒப்பிடும் நாள். கண்ணாடிக்காரருக்கும் எனக்கும் பெரிய சண்டை. "பேசியதற்காக உள்ளே இருப்பவர்கள்" என்ற கட்டத்தில் நான் பூஜ்யம் போட்டிருந்தேன். அவர் பென்சிலால் தொண்ணூற்றொன்பது போட்டிருந்தார்.

"செய்தி வரலைங்கிறதும் நடக்கலைங்கிறதும் ஒண்ணாம்மா?" என்றார்.

"ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிற என் தங்கச்சியே எழுதியிருக்கா. மனு எழுதக்கூட ஆள் இல்லையாம், அவ்வளவு நிம்மதியா இருக்காங்க" என்றேன்.

"ஜெராக்ஸ் மிஷின் கெட்டுப்போயிருக்கும்" என்றார்.

"ஆமா, கெட்டுத்தான் போச்சு. இப்ப சரியாயிடுச்சு" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க பொறந்த ஊரும்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு ரப்பரை எடுத்துத் தன் எண்ணை அழித்தார். பூஜ்யம் நின்றது.

மாப்பிள்ளையிடம் சொல், அவர் எனக்கு இரண்டு வரி பாக்கி. வெளியூர் போனால் பேனா கிடைக்காதா? சோம்பேறி.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டியும் நானும் நலம். நீயும் நலமாக இரு.

உன் புத்தகம் எப்போது வரும்? மார்க் நன்றாக வருமா? நிச்சயமாக நன்றாக வருமா என்று மட்டும் எழுது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. இதற்கு உடனே பதில் போடு.

மிஷினில் கோடு இன்னும் விழுகிறது.

தங்கை


ஜூலை 15

என் செல்ல வாலு,

நலமா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. புத்தகம் வந்துவிட்டது! நம் நாடு கடைசி வரிசையிலிருந்து நடு வரிசைக்கு ஏறிவிட்டது. நம் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டிருப்பதை இங்கேயும் காட்டினார்கள். அதே வாரத்தில் அரசாங்கமும் அறிவித்துவிட்டது: வெளியே போனவர்கள் திரும்பி வரலாம், வழக்கு எதுவும் கிடையாது. நீயும் பார்த்திருப்பாய்.

இங்கே எனக்குத் தங்கும் அனுமதியை ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பார்களே, அந்த அதிகாரி இன்று எங்கள் புத்தகத்தையே எடுத்து மேசையில் வைத்தார். "உங்க நாடு இப்ப நடு வரிசை. இனிமே நீங்க இங்க இருக்க அவசியம் இல்லையேம்மா" என்றார். முன்பெல்லாம் அந்த நாற்காலியின் நுனியில்தான் உட்காருவேன். இன்று அவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். படியில் இறங்கும்போது முழங்கால் வலித்ததா என்றுகூடத் தெரியவில்லை.

வருகிறேனடி. அக்டோபரில் வருகிறேன். பெட்டி வாங்கிவிட்டேன். எனக்கென்று தனி அறை வேண்டாம், கடையின் பின்னால் பேப்பர் கட்டு அடுக்கும் இடம் போதும். காலையில் உன் மிஷின் சூடாகிற வாசத்தில் எழுந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை பாத்திரம் கழுவட்டும், நான் துடைத்து வைக்கிறேன். குட்டியின் உயரம் எனக்குப் போட்டோவில்தான் தெரியும். தோளில் கை போட்டுப் பார்க்க வேண்டும். தெருவில் இறங்கி, வழியில் பார்க்கிறவரிடமெல்லாம் ஒரு காரணமும் இல்லாமல் நம் பாஷையில் பேச வேண்டும்.

இந்த நாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேள்வித்தாளில் இதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல். ஆனாலும் இந்தப் பக்கம் வந்தபின் ஒரு நாள்கூட என்னை யாரும் 'ஏய்' என்று கூப்பிட்டதில்லை.

உடனே பதில் போடு. என்ன வாங்கி வரட்டும்?

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமாக இரு.

இப்போது வர வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். கடைக்குப் பின்னாலும் இடம் இல்லை. அங்கே உனக்கு ஒரு குறையும் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். தங்கும் அனுமதியை எப்படியாவது புதுப்பித்துக்கொள்.

எதுவும் வாங்க வேண்டாம்.

தங்கை


செப்டம்பர் 4

தங்கைக்கு,

நலம்.

நீ எழுதியதைப் படித்தேன். வெள்ளையடிக்கிறீர்களா? நல்லது, அடியுங்கள். இத்தனை வருடம் கழித்து ஒருத்தி வருகிறேன் என்கிறாள், அவளுக்கு ஒரு பாய் விரிக்க இடமில்லை. குட்டிக்குப் பெரியம்மாவைப் பார்க்க வேண்டாம். மாப்பிள்ளைக்கு இரண்டு வரி எழுத நேரமில்லை. நான் இங்கே ஒவ்வொரு கடிதத்தையும் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறேன். உனக்கு நான் தபால்காரர் கொண்டுவருகிற பாரமாகிவிட்டேன் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல். உன்னை நான் என்ன செய்தேன்?

பெட்டி கட்டிலடியில் இருக்கிறது. நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வருவேன். அது என் ஊரும்தான்.

அக்கா


செப்டம்பர் 22
(நேரில் கொடுக்க)

அக்கா,

இதை உன் கையில் கொடுக்கிற நர்ஸம்மா நம் பின் தெருவில் குடியிருந்தவர். அங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு வருகிறார். நல்லவர், அவருக்கு ஒரு வாய் டீ கொடு. இதைப் பிரித்து ஒட்ட ஆள் இல்லாததால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

உன் மாப்பிள்ளை வெளியூர் போகவில்லை. பிப்ரவரிக் கடைசியில் கடைக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். "ஒரு சின்ன விசாரணை, சாயந்திரம் அனுப்பிடுறோம்" என்றார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார், வந்து பூட்டிக்கொள்ளலாம் என்று.

மறுநாள் என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரியின் மேசையில் நான் உனக்கு எழுதிய கடிதத்தின் ஜெராக்ஸ் இருந்தது. நம்முடையது மாதிரி இல்லை, கோடு விழாத நல்ல மிஷின். அவர் அடியில் எழுதியிருந்த இரண்டு வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து அவருடையதுதானே. வெளிநாட்டுக்கு விவரம் கொடுத்தார் என்கிறார்கள். தண்ணீர் வரவில்லை என்பதுதான் அந்த விவரம். உடனே நான் உன்னைத் திட்டுவதாக நினைக்காதே. நீ கேட்டாய், நாங்கள் சொன்னோம். கூடப் பிறந்தவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்?

"உங்க அக்காவுக்கு இதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதக்கூடாது. புத்தகத்துல நல்ல மார்க் வரட்டும், அடுத்த நாளே உன் வீட்டுக்காரர் வீட்டுல இருப்பார்" என்றார்கள். அதனால்தான் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று எழுதினேன். என் கை எழுதியது, அக்கா. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

மார்க் நன்றாக வந்தது. அன்றைக்கு வீட்டைப் பெருக்கி, அவர் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். குட்டி பள்ளிக்கூடம் போகவில்லை. அவர் வரவில்லை. அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். வேறு ஒரு அதிகாரி. பெரிய நோட்டைப் புரட்டினார். "அப்படி ஒரு ஆளே எங்க கணக்குல இல்லையேம்மா" என்றார். நான் விடவில்லை. பத்திரிகையை எடுத்துக் காட்டினார். உன் புத்தகத்தைப் பற்றிய செய்தி. "பாரு, பூஜ்யம்னு போட்டிருக்கு. ஒருத்தர்கூட உள்ள இல்லைன்னு உலகமே சொல்லுது. உன் புருஷன் மட்டும் எப்படி உள்ள இருப்பான்? வேற எங்கயாவது ஓடிப்போயிருப்பான், தேடிப் பாரு" என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பூஜ்யம் இருக்கிறவரைக்கும் அவர் இல்லை, அக்கா. இல்லாத ஆளை அவர்கள் என்ன செய்தாலும் யாரும் கேட்க முடியாது. எனக்குப் பயம் அதுதான்.

அதைத் திருத்து. அவர் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு போடு. சாட்சி யார் என்று கேட்டால் என் பெயரையும் போடு. இதைவிட அவர்கள் என்னை என்ன செய்துவிட முடியும்?

திருத்தினால் நீ இங்கே வர முடியாது. அது தெரியாமல் கேட்கவில்லை. நீ வருகிறேன் என்று எழுதிய கடிதத்தைக் குட்டி மனப்பாடமாகச் சொல்கிறாள். பேப்பர் கட்டை ஒரு பக்கமாக ஒதுக்கி நீ படுக்க இடம்கூடச் செய்துவிட்டாள். வெள்ளையடிக்கவே இல்லை, அக்கா. நீ வந்து இறங்கினால் உன்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள், அப்புறம் நான் யாருக்கு எழுதுவேன்?

ஏய் அக்கா! நீ எனக்கு வேண்டும். ஆனால் இப்போது நீ அங்கேதான் வேண்டும்.

வாலு


அக்டோபர் 11

என் வாலு,

இதைத் தபாலில்தான் அனுப்புகிறேன். பிரித்துப் படிப்பவருக்கு வணக்கம். இந்த முறை நிதானமாகப் படித்துவிட்டு மேலிடத்துக்கும் அனுப்புங்கள். எழுதியிருப்பது எல்லாம் அச்சில் வந்ததுதான்.

திங்கட்கிழமை எங்கள் அலுவலகத் தலைவியின் அறைக்குப் போனேன். "ஒரு கட்டத்துல தப்பு. தப்பு என்னுது" என்றேன். அவர் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். அச்சாகி, விற்று, பேசி முடித்த புத்தகம். "எத்தனை பேர்?" என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்சது ஒருத்தர்" என்றேன். "ஒருத்தருக்காகவா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு எண் பழகிவிட்டது. எனக்கும் பழகியிருந்தது. ஒன்றுக்கும் நூற்றுக்கும் நடுவே இருப்பதைவிடப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவேதான் தூரம் அதிகம் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பாடம் நடத்துகிற குரல் எனக்கு வரவில்லை.

கண்ணாடிக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பென்சிலைத் தொடவில்லை, பேனாவால் போட்டார். "நான் அழிச்சிருக்கக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். நான்தான் அழிக்க வைத்தேன் என்று அவருக்கும் தெரியும்.

திருத்தப் பக்கம் இன்று வெளியாகிவிட்டது. எல்லாத் தூதரகங்களுக்கும், எல்லாப் பத்திரிகைகளுக்கும் போயிருக்கிறது. அந்தப் பூஜ்யத்தால்தான் ஏறியிருந்த நாடு மறுபடியும் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. அந்தக் கட்டத்தில் இப்போது 'ஒன்று, குறைந்தபட்சம்' என்று இருக்கிறது. பக்கத்தின் அடியில் குறிப்பு போட்டிருக்கிறோம். மாப்பிள்ளையின் முழுப்பெயர், அவர் அப்பா பெயர், கடை இருக்கும் தெரு, கூட்டிக்கொண்டு போன மாதம், அவர் கேட்டது தண்ணீர் என்பது. அச்சுக்கோத்தவர் அதைச் சின்ன எழுத்தில் இரண்டு வரியாக அடக்கிவிட்டார். எப்போதும் பக்கத்தின் அடியில்தானே அவருக்கு இடம்.

தங்கும் அனுமதியைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். அதே அதிகாரி, திருத்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வாழ்த்துச் சொல்வதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. பெட்டியைப் பிரித்து, குட்டிக்கு வாங்கிய சட்டையை மட்டும் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். இந்த அளவு இனி அவளுக்குச் சரியாக இருக்காது.

செப்டம்பரில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேனே, அதைக் கிழித்துப் போடு. உன்னை நான் என்ன செய்தேன் என்று கேட்டிருந்தேன். பதில் தெரிந்துவிட்டது.

நீயும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? நல்லபடியாக இருக்கிறோம் என்று எழுதாதே. எப்படி இருக்கிறீர்களோ அப்படி எழுது.

அக்கா


டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. எப்படி இருக்கிறோமோ அப்படி எழுதச் சொன்னாய். குட்டிக்குச் சளி. எனக்குத் தூக்கம் வருவதில்லை. தண்ணீரும் வருவதில்லை. படிப்பவர் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

கடைக்கு இப்போது யாரும் வருவதில்லை. நம் வாசலைக் கண்டாலே எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறார்கள். ஆனால் போன மாதம் ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கியபோது உள்ளே ஒரு தாள் கிடந்தது, இடுக்கு வழியாக யாரோ போட்டிருக்கிறார்கள். உன் திருத்தப் பக்கம்தான். எங்கிருந்து கிடைத்ததோ! நடுவில் கறுப்புக் கோடு இல்லை, நம் மிஷினில் எடுத்தது இல்லை. குட்டி அந்த இரண்டு வரியை உரக்கப் படித்தாள், வாசல் கதவு திறந்திருக்கும்போதே. நான் தடுக்கவில்லை.

அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் அலுவலகத்துக்குப் போனேன். அதே அதிகாரி. இந்த முறை நோட்டைப் புரட்டவில்லை. "உக்காரும்மா" என்றார். உள்ளே போய் யாருடனோ பேசிவிட்டு வந்தார். "இருக்கார்" என்றார்.

அக்கா, அவர் இருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை பார்க்க விட்டார்கள். நடுவில் கம்பி வலை. மெலிந்துவிட்டார், தாடி வளர்ந்திருக்கிறது. அவர்தான் முதலில், "இங்க குடுக்கிற டீக்கு என்ன மார்க் போடலாம் தெரியுமா? உன் டீக்கு நாப்பது போட்டது பெரிய தப்பு" என்றார். நான் சிரித்தேன். காவலுக்கு நின்றவரும் சிரித்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எப்போது விடுவார்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. உன் தொண்ணூற்றொன்பதுதான்.

அக்காவுக்கு எழுதப்போகிறேன், ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றேன். உள்ளே பேனா கொடுக்க மாட்டார்களாம்.

பேப்பர் கட்டை மறுபடி பழைய இடத்தில் அடுக்கிவிடலாமா என்று குட்டியிடம் கேட்டேன். "வேணாம்மா, பெரியம்மா இடம் அப்படியே இருக்கட்டும்" என்றாள். விட்டுவிட்டேன்.

கீழே இரண்டு வரி காலியாக இருக்கிறது. பூஜ்யம் போட்டுவிடாதே.

வாலு